இறுக்கி அடைத்த பஞ்சு

என் வீட்டுக்காரருக்கு வேலை இடத்தில் வைத்த பெயர் 'பார்சல்'. இருபத்திரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாகப் பார்சல் வேன் ஓட்டியவர். நானோ பகலெல்லாம் மெத்தைக் கடையில் பஞ்சுப் போர்வை தைக்கிறவள். அவர் வீடு திரும்பும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரே கட்டில்தான், அவர் எழுந்த சூட்டில் நான் படுப்பேன், நான் எழுந்த சூட்டில் அவர். எங்களுக்கு ஒரு பெண் பிறந்ததே உலக அதிசயம் என்று என் நாத்தனார் இன்றும் கேலி செய்வாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்தப் பழைய வேனையே வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இதுல படுக்கை போட்டு மலையில போய்த் தங்கலாம். இனிமே ராத்திரி பூரா உன் பக்கத்துலதான்."

வெளியே முறைத்தேனே தவிர, மனசு துள்ளியது. போனோம். குளிரென்றால் அப்படியொரு குளிர்! நாங்கள் விட்ட மூச்சே தகரச் சுவரில் தண்ணீராகி என் கழுத்தில் சொட்டியது. விடிந்தபோது என் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. என்னைத் தூக்கித்தான் கீழே இறக்கினார். "இனி இந்தத் தகர டப்பாவில நான் கால் வச்சா என்னன்னு கேளுங்க!" என்று கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

அதன்பிறகு மனுஷனுக்கு வேனே கதி. கம்பளிப் பஞ்சு மூட்டைகள் வந்து இறங்கின. பலகை அறுக்கும் சத்தம் ஓயவில்லை. நானும் வீம்புக்கு ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் பொறுக்காமல் எட்டிப் பார்த்தேன். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைக் கட்டைவிரலால் குத்திக் குத்தித் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒரு இடுக்கு விடல பாரு. குலுங்கவே குலுங்காது."

"இது என்ன கண்ணாடிப் பாத்திரமா, உடையாம கொண்டுபோய்ச் சேக்க? பஞ்ச இப்படி இறுக்கினா கல்லுதான். அதுக்குள்ள நிக்கிற காத்துதான் சூட்டப் பிடிச்சு வைக்கும். காலமெல்லாம் பஞ்சோட மாரடிக்கிறவ வீட்டுலயே இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"நீதான் வரமாட்டேன்னுட்டியே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க? அன்னிக்குத் தூக்கினப்ப உன் காலு ஐஸ் மாதிரி இருந்துச்சு. வழி பூரா பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. "தள்ளுங்க அந்தாண்ட," என்று உள்ளே ஏறி, அடைத்த பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். மூன்று நாள் இருவரும் உட்கார்ந்து பிய்த்தோம், உதறினோம், பூப்போல் தளர்த்திச் சுவரிலும் கூரையிலும் வைத்தோம். ஈரக்காற்று வெளியே போகக் கூரையில் சின்னதாக ஒரு திறப்பு வைத்தார். பாதி மூட்டைப் பஞ்சு மிச்சம்.

மறுபடியும் அதே மலை. விடிந்து கண் விழித்தபோது வெளியே கண்ணாடியெல்லாம் பனி. உள்ளே சுவரைத் தொட்டேன், காய்ந்திருந்தது. முழங்காலை மடக்கினேன், நீட்டினேன். அதிசயமாகச் சொன்ன பேச்சைக் கேட்டன. அப்போதுதான் பார்த்தேன், அவர் கண் கொட்டாமல் படுத்திருந்தார்.

"எப்ப முழிச்சீங்க?"

"எங்க தூங்கினேன்? ராத்திரியானா கண்ண மூட முடியல. பழகிப் போச்சு." சிரித்தார். "நீ குறட்டை விடுவியாடி? இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் எனக்கே தெரியுது."

கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. என் பக்கத்தில் படுத்துத் தூங்கத்தானே இவ்வளவு பாடுபட்டார்!

"இரு, டீ போடறேன்," என்று எழப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்துப் படுக்கவைத்தேன். ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை அடைத்தேன்.

"விடிஞ்சிடுச்சேம்மா. உனக்குப் பகல்ல தூக்கம் வராதே?"

"நான் எங்கயும் போகல. பேசாமப் படுங்க."

என் கைமேல் தலையை வைத்தார். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனார். எனக்கு ஒரு துளி தூக்கம் வரவில்லை. கை மரத்துப் போயிற்று. மத்தியானம் அவராகக் கண் விழிக்கும்வரை அதை நான் அசைக்கவில்லை.