சரிவைக் கடந்த இருவர்

2006 ஏப்ரல் மாதத்தின் ஒரு சனிக்கிழமை. கலிபோர்னியாவின் டாஹோ ஏரிக்குத் தெற்கே ஒரு பனிமலைச் சரிவின் ஓரத்தில், ரெபெக்கா தன் கணவன் ஜோபினின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் ஜோபின். மணி பன்னெண்டரை ஆச்சு. முட்டி வரைக்கும் கால் உள்ள போகுது பாரு. நேத்து ராத்திரி ஃப்ரீஸே ஆகல. திரும்பிடலாம்."

சன்னிவேலிலிருந்து விடியுமுன் கிளம்புவதாகத்தான் திட்டம். வசந்தகாலத்தில் பனி இறுகியிருக்கும் காலை நேரத்தில் ஏறி, வெயில் அதை இளக்குவதற்குள் இறங்கிவிட வேண்டும். பனிச்சரிவு பற்றிய இரண்டு நாள் வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். மூவரில் அந்த வகுப்புக்குப் போனவள் ரெபெக்கா மட்டுமே. ஆனால் சேனாபதி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார்.

சேனாபதி ஜோபினின் மேனேஜர். எட்டு வருடமாக மலையேறுகிறவர். ஜோபினின் கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தது. அவர் கூப்பிட்டால் ஜோபின் எங்கேயும் போவான்.

மேலே பாறைகளுக்கு அடியிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகக் கழன்று உருண்டு வந்தன. ரெபெக்கா அவற்றைக் காட்டினாள்.

சேனாபதி சிரித்தார். "கிளாஸ்ல பயமுறுத்தி விட்டிருக்காங்க. இந்த ஸ்லோப்ப நான் நாலு தடவ கிராஸ் பண்ணியிருக்கேன். பத்து நிமிஷ வேலை."

"அப்ப ஒவ்வொருத்தரா போலாம். ஒருத்தர் போய்ச் சேர்ந்தப்புறம் அடுத்தவர்."

"ரெபெக்கா, சும்மா இரேன்," என்றான் ஜோபின். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை விடுவித்துக்கொண்டு சேனாபதியின் பின்னால் நடந்தான்.

அவள் ஓரத்திலேயே நின்றாள். இன்னொரு முறை கத்திக் கூப்பிட்டிருக்கலாம். மேனேஜர் முன்னால் அவனுக்கு அவமானமாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

சேனாபதி அக்கரையை எட்டும் சமயத்தில் மேலே பனி பிளந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈர சிமெண்டைப் போலக் கனமாக, அவசரமில்லாமல் இறங்கி வந்தது. ஜோபின் ஓடப் பார்த்தான். இடுப்பு, தோள், பிறகு ஆளே இல்லை.

மூவர் நெஞ்சிலும் பீக்கன் என்ற கருவி கட்டியிருந்தது. நடக்கும்போது எல்லோர் கருவியும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், புதைந்தவனுடையதும். வெளியே இருப்பவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அதைப் பின்தொடர வேண்டும். ரெபெக்கா மாற்றிக்கொண்டு இறங்கினாள். அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. விழுந்து எழுந்து போனாள். எண் குறைந்துகொண்டே வந்தது. நிமிர்ந்தபோது எதிரே சேனாபதி நின்றிருந்தார்.

"உங்க பீக்கன தேடுற மோடுக்கு மாத்துனீங்களா?"

"மாத்திட்டேன், மாத்திட்டேன்!"

அவள் மறுபடி தேடினாள். அம்பு மறுபடியும் அவரிடமே கொண்டுவந்து விட்டது. கடைசியில் அவருடைய ஜாக்கெட் ஜிப்பை இழுத்துத் திறந்து பார்த்தாள். அவர் கருவி இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏழு நிமிடம் போயிருந்தது.

ஜோபின் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடந்தான். சரிவு நின்றதும் கல்லாக இறுகிவிட்ட பனியை இருவரும் பனி வாரும் ஷவலால் வெட்டினார்கள். முகம் தெரிந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை அவள் அவன் வாயில் ஊதிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் சர்ச்சில் நடந்த நினைவு ஆராதனையில் சேனாபதி பேசினார். "இயற்கைக்கு முன்னால நாம என்ன பண்ண முடியும்? எங்களால முடிஞ்ச எல்லாத்தையும் பண்ணோம்." பலர் அழுதார்கள். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருந்த ஜோபினின் அம்மா ஜெயகுமாரி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பார்க்கிங்கில் ரெபெக்கா அவரை நிறுத்தினாள். "மாத்திட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

"பதட்டத்துல வந்துடுச்சு, ரெபெக்கா. இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது?" சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஜோபின் விசாவ வச்சுத்தான நீங்க ஹெச் ஃபோர்ல இருக்கீங்க? ஹெச்.ஆர் கிட்ட நான் பேசறேன். ஏதாவது வழி பண்ணலாம்."

அவள் காருக்குப் போனாள்.

அன்று மாலை மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாமதமாகக் கிளம்பியது, திரும்பிவிடலாம் என்று தான் சொன்னது, அந்த ஏழு நிமிடம்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் ஜெயகுமாரி.

"தெரியும் அத்த. நான் சொன்னேன்."

"அவருக்குத் தெரியாது, போனாரு. எம் மவனுக்கும் தெரியாது, போனான். எல்லாம் தெரிஞ்ச நீ கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க."

ஜோபின் கையை உதறிவிட்டுப் போனதை மட்டும் ரெபெக்கா சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஜெயகுமாரி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கிய ஜெயகுமாரி, தன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகச் சேனாபதிக்குத்தான் போன் செய்தார்.