டாங்கிகள் நிற்கும் இடம்

எழுந்தேன். பல் துலக்கினேன். கேத்திலில் தண்ணீர் கொதித்தது. தேநீர் ஊற்றிக் குடித்தேன். பால்கனிக் கொடியிலிருந்த உடுப்புகளை எடுத்து மடித்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறை, அலுவலகம் இல்லை. கீழே வெள்ளவத்தை ரயில் போனது. மேசையிலிருந்த மடிக்கணினியின் தூசைத் துடைத்தேன்.

அதில் ஒரு சோவியத் யுத்தப் படம் பாதியில் நிற்கிறது. பனி மூடிய வெளி. பதுங்குகுழிக்குள் சில சிப்பாய்கள். தொலைவில் டாங்கிகள். என் மனைவி துஷ்யந்தி நிறுத்திய இடம். வைகாசியில் ஒரு பின்னேரம் அதை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. அவள் எழும்பவில்லை.

படத்தின் கீழே சிங்கள எழுத்து மட்டும் ஓடும். நான் வவுனியாக்காரன். சிங்களம் கதைப்பேன், வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். அவள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வாள். ஒல்லிச் சிப்பாய்க்கு ஊரில் கலியாணம் ஆகாத அக்கா இருந்தாள். சார்ஜண்ட் மீன் குழம்புக்கு ஏங்கினார். அவர்கள் தப்பினார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் துஷ்யந்தியின் தங்கை சாமினி இடியப்பப் பார்சலுடன் வந்தாள்.

"இன்னும் இதை மூடேல்லையா, அத்தான்? தள்ளுங்க, நான் வாசிக்கிறன். அக்காவை விட நான் ஸ்பீட்."

கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டேன்.

"'கட்டளை வரும்வரை சுடாதே.' 'சரி.' அவ்வளவுதான்."

"ஒல்லியன் அக்காவைப் பற்றிக் கதைப்பானே?"

"எந்த அக்கா? அவன் வாயே திறக்கேல்லை."

"சார்ஜண்ட் மீன் குழம்பு கேட்டவர்."

சாமினி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அது எங்கட அம்மாட குழம்பு, அத்தான். அக்கா தானாக் கதை கட்டி உங்களை நல்லாப் பேய்க்காட்டியிருக்கிறா."

டாங்கிகள் நகரத் தொடங்கின. கையை நீட்டி நிறுத்தினேன்.

"ஏன், முடிவு வேண்டாமா?"

"வேண்டாம்."

அந்தப் படத்தில் இருப்பது வேறு முடிவு.

சாமினி எனக்குத் தட்டில் இடியப்பம் வைத்தாள். சொதி ஊற்றியபடி, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா கடைசியா என்ன சொன்னவ? அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா."

இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னேன். நெற்றியை அழுத்திக்கொண்டு எழுந்து போனவள், அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தலையிடிக்குது. மிச்சத்தை எழும்பி வந்து சொல்லுறன். நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள அவங்கள் செத்துப்போவாங்கள்."