கழுத்தில் பதிந்த கை

கூரைமேல் சோலார் பேனல் மாட்டுகிறவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அதனால் பேனல்காரர் வாயைத் திறக்கவில்லை. மழைக்காலம் முழுக்கக் கிடங்குக்குள் வேலை பார்த்துவிட்டு மேலே ஏறிய மூன்றாம் நாளே, முன்கையிலும் பின்கழுத்திலும் பொடிப்பொடியாகத் தடித்து அரிக்க ஆரம்பித்தது. ஏணியைப் பிடிக்க ஒரு கை, சொறிய ஒரு கை என்று ஒரு வாரம் ஓட்டினார்.

வீட்டில் மறைக்க முடியுமா? மனைவி பார்த்தாள், பார்த்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் நடத்துவது செல்போன் உறை விற்கும் கடை. உறை வாங்காமல்கூட அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம், மூட்டு வலிக்கு ஒரு வைத்தியம் வாங்காமல் வர முடியாது. "எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்பது மனைவியின் கட்சி. அந்த வீட்டில் எதிர்க்கட்சி என்று ஒன்று கிடையாது.

மறுநாள் காலை ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு மச்சான் ஆஜர்.

"இது உடம்புச் சூடு மாப்ள. சாறு தேய்ச்சா சட்டுன்னு இறங்கிடும்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"டாக்டர் என்ன சொல்லப் போறார்? வெயில்ல போகாதேம்பார். அதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?"

மச்சான் முன்கையில் பிழிந்து தேய்த்த சாறு முழங்கை வரை வழிந்தது. முடித்ததும் மச்சான் அந்த ஈரக் கையாலேயே பேனல்காரரின் பின்கழுத்தைச் செல்லமாக அழுத்திப் பிடித்து, "கழுவிடாதீங்க, அப்படியே காயட்டும்" என்று வழியனுப்பினார். இவர் கூரைக்குப் போனார், அவர் கடை மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்கையில் சாறு வழிந்த தடமெல்லாம் கோடு கோடாகக் கொப்புளம். கழுத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருடைய பாதுகாப்புக் கயிற்றைப் பிடிக்கிற கூட்டாளிக்குத் தெரிந்தது. அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"இது ஒட்டிக்குமா அண்ணே?"

"ஒட்டாதுப்பா."

"யார் சொன்னா?"

"மச்சான்."

அதற்கப்புறம் கயிற்றைத் தொட ஒருத்தரும் வரவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, ஒட்டாது என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் திங்கட்கிழமை முதல் நிரந்தரமாகக் கிடங்குதான் என்றார். பேனல்காரர் பதினோரு வருஷமாகக் கூரையில் நின்றவர். இனி ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வேண்டுமாம்.

தோல் டாக்டர் அம்மா பின்கழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா." கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல யாராவது அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

சாத்திய கதவு படீரென்று திறந்தது. "நானா? நானா அடிச்சேன்?"

டாக்டர் மனைவியின் செல்போனை வாங்கி, கழுத்தைப் படம் எடுத்துக் காட்டினார். சிவந்து கொப்பளித்த ஐந்து விரல், உள்ளங்கையோடு. மோதிர விரலில் மட்டும் நடுவே பட்டையாக ஓர் இடம் விட்டிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு டாக்டரே கேட்டார்: "எலுமிச்சை ஏதாவது பட்டுச்சா?"

முதலில் வந்தது சாதாரண வெயில் ஒவ்வாமையாம். மாதக்கணக்கில் நிழலில் இருந்த தோல் திடீரென்று வெயிலைப் பார்த்தால் வருவது. முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, இரண்டு மணிக்கொரு தரம் வெயில் கிரீம், முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழகுவது, இவ்வளவு போதும்.

"அதுமேல எலுமிச்சைச் சாறைத் தடவி வெயில்ல நின்னா தோல் வெந்துடும். பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவணும். கொப்புளத்தை உடைக்காதீங்க, ஈரத்துணி போடுங்க, களிம்பு தர்றேன். கறுப்பு மாற சில மாசம் ஆகும். யாருக்கும் ஒட்டாது."

கடைசி வரியை மட்டும் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பேனல்காரர் அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்து, இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தார்.

பஸ்ஸில் மனைவி வழிநெடுக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கொப்புளத்தைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் மச்சான் புதுப் பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கொப்புளம் வந்துடுச்சா? பிரமாதம்! கெட்டதெல்லாம் வெளியே வருது மாப்ள. இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சா..."

"அண்ணா, கையைக் குடுங்க."

அந்தக் கையைப் பிடித்துக் கணவனின் கழுத்துக்கு மேலே, படாமல் நீட்டி வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. விட்டுப்போன பட்டைக்கு நேர் மேலே மச்சானின் பருத்த மோதிரம், அளவெடுத்தது மாதிரி நின்றது.

"உங்க வைத்தியத்தால இவருக்குக் கயிறு பிடிக்க ஆளில்ல. நான் புருஷனை அடிக்கிறவள்னு டாக்டர் நினைச்சாங்க."

"அது... மாப்ள உடம்பு வாகு அப்படிம்மா. மத்தபடி எலுமிச்சை யாருக்கும் ஒண்ணும் செய்யாது."

"அப்படியா?" அவள் நறுக்கிய பழத்தில் அரை மூடியை எடுத்து அண்ணனின் உள்ளங்கையிலும் புறங்கையிலும் நிதானமாகப் பிழிந்தாள். சுள்ளென்று வெயில் அடிக்கிற முற்றத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்கண்ணா, சாயங்காலம் வரைக்கும் இங்க உட்காருங்க. கழுவிடாதீங்க, அப்படியே காயட்டும்."

மச்சான் நாற்காலியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். டாக்டர் சொன்னதை அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் குழாயடிக்கு ஓடிப்போய், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்.