வெள்ளிக்கிழமை ஒன்று பதினேழு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அன்றைக்கே நேராகப் பதில் சொல்லியிருந்தால் கதைக்கு வேலையே இருந்திருக்காது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் தியாகேசன். திருத்துறைப்பூண்டியில் ஓர் உரக்கடை மாடியில் இயங்கும் சின்னக் கணினி அலுவலகத்தில் வேலை. (அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கதைதானே, எதற்கு வம்பு.) இதை எழுதிக்கொண்டிருப்பது நாங்களே கட்டிய ஒரு மென்பொருளில். அதன் பெயர் மதகு.

நாலு பேர் ஒரே கோப்பில் வேலை செய்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதித்துவிடுவார். அதைத் தடுப்பதற்குத்தான் மதகு. ஆளுக்கொரு கிளையில் திருத்திக்கொள்ளலாம். யார், எந்த நிமிடம், எதை அழித்தார் என்பதெல்லாம் அதில் நிற்கும். கிளையில் இருப்பது தலைப்பிரதியில் சேர வேண்டுமானால் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். ஆற்றில் மதகுப் பலகையைத் தூக்க இரண்டு பேர் பிடிக்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்குதான். பெயரும் விதியும் என்னோடு வேலை பார்த்த லியாகத் அலி வைத்தவை.

2

லியாகத் அலியை எப்படி அறிமுகம் செய்வது? இரண்டு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

லியாகத் அலி நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் அவசரக்காரர் என்பதால் (விட்டுவிட்டேன். பச்சைப் பொய்.)

அந்த வெள்ளிக்கிழமை லியாகத் அலி கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. பாதியிலேயே அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்து நின்றது.

லியாகத் அலி. வெள்ளி, 1.17. பார்க்கவில்லை.

நான் எழுதிக்கொண்டிருந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கீழே உரமூட்டை இறக்கும் சத்தம், ஜன்னலில் நல்ல வெயில். லியாகத் அலி மவுத்தாகி, அடக்கமாகி அப்போது நாலரை மாதம் ஆகியிருந்தது.*

(* அவர் கணக்கை ஏன் இன்னும் மூடவில்லை என்று கேட்பீர்கள். அவர் மனைவி ஷம்சாத், தன் தம்பி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார், இத்தா முடிகிற வரைக்கும் கணவர் பெயரை எடுக்க வேண்டாம் என்று. கணவன் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் அந்தப் பெண் வீட்டைவிட்டு வரமாட்டார். அதற்காகக் கணக்கை மூடாமல் வைக்க வேண்டும் என்று சட்டம் எதிலும் இல்லைதான். ஆனால் எப்படி மறுப்பது?)

இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டு அதே வாக்கியத்தை மறுபடி அடித்தேன். குறிப்பும் மறுபடி வந்தது. நாங்கள் எல்லோரும் சம்மதம் தரும்போது 'சரி' என்று அடிப்போம். அவர் மட்டும் 'பார்த்தேன்' என்று அடிப்பார், வரிவரியாகப் படித்த பிறகு. படிக்காவிட்டால் 'பார்க்கவில்லை' என்று போட்டுவிட்டு எழுந்துபோவார். பெரிய குடைச்சல் பிடித்த மனிதர்.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தாலுகாவின் குத்தகைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது. ஆட்சி மாறிய சூடு, எல்லாம் மூன்று மாதத்தில் முடிய வேண்டும். ஒரு மடத்தின் நிலங்களில் குத்தகைப் பதிவிலிருந்து நீக்க வேண்டியவர்கள், 'இறந்தவர், வாரிசு இல்லை' என்று இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியலை மடத்துக் காரியஸ்தர் கொடுத்தார். பட்டியலை ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் வாரிசு மனு இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது ஆளின் வேலை.

நூற்று நாற்பத்து மூன்றாவது வரி பக்கிரி. மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். வாலிப வயதில் சிவப்புக் கொடி பிடித்து, போலீஸில் அடிவாங்கி, பதிவேட்டில் ஏற்றிய பெயர். அவர் மனைவி காத்தாயி கொடுத்த மனு அந்த வரியோடு இணைந்துதான் இருந்தது. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது லியாகத் அலி கணினியைத் திறந்தே வைத்துவிட்டுப் போவார். அமாவாசைக்கு நான் கோயிலுக்குப் போனால் நானும் அப்படித்தான். அவசர வேலை நிற்கக் கூடாது, தொலைபேசி வந்தால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக. நம்பிக்கைதான், வேறென்ன. அன்று காரியஸ்தர் கீழே நின்று மூன்று முறை ஆள் அனுப்பினார். லியாகத் அலி வர இன்னும் அரைமணி ஆகும். நான் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து 'சரி' என்று அடித்தேன்.

சொல்லிவிட்டேன். (இந்தப் பத்தியை நாலு முறை அழித்தேன். மதகு நாலையும் வைத்திருக்கிறது. இதன் ஓரத்தில் மட்டும் எந்தக் குறிப்பும் வரவில்லை.)

அடுத்த மாதம் லியாகத் அலிக்கு நெஞ்சுவலி. அவரிடம் சொல்லவேயில்லை.

4

பக்கிரியின் நிலத்தை மடம் வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. காத்தாயி சம்பா நட்டு, களை பறித்து, கதிர் தலைசாய்கிற நேரத்தில் அறுக்கக் கூடாது என்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை, அழவில்லை.

"வாரிசு இல்லேன்னு போட்டிருக்காமே. அப்ப நான் யாரு தம்பி?"

வியாழக்கிழமை தாசில்தார் முன்னால் விசாரணை. இரண்டாவது ஆள் பார்க்கவேயில்லை என்று தெரிந்தால் அந்த நீக்கம் செல்லாது, காத்தாயி அறுக்கலாம். பதிவு என்ன சொல்கிறது? பார்த்தவர்: லியாகத் அலி. மடத்துக்காரன் அந்த பாயை வளைத்துப்போட்டுவிட்டான் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. நான் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன்.

இத்தா முடிந்து ஷம்சாத் முதலில் வந்த இடம் எங்கள் அலுவலகம். பதிவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம ஒண்ணு பதினேழுக்கு அவங்க பள்ளியில இருந்தாங்க. என் தம்பி பக்கத்துல நின்னு தொழுதான். தொழுதுக்கிட்டிருந்த மனுசன் இங்க எப்படிண்ணே சம்மதம் கொடுத்தாங்க?"

சில சமயம் கணினி நேரத்தைத் தப்பாகக் காட்டும் என்றேன்.

"அவங்க கட்டுனது தப்பாக் காட்டாதுண்ணே."

அந்தக் கேள்விதான் இந்தக் கதை. சே, என்ன ஜென்மம் நான்.

5

இரண்டு முடிவுகள் எழுதி இரண்டு கிளைகளில் வைத்திருக்கிறேன்.

முதல் கிளை: வியாழக்கிழமை தியாகேசன் தாலுகா ஆபீஸில் எழுந்து நின்று, அழுத்தியது நான் என்கிறான். வேலை போகிறது, ஒருவேளை ஜெயிலும். காத்தாயி அரிவாளோடு வயலில் இறங்குகிறார். ஷம்சாத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறார்.

இரண்டாவது கிளை: தியாகேசன் உட்கார்ந்தே இருக்கிறான். எல்லாம் கதை என்கிறான்.

எதைத் தலைப்பிரதியில் சேர்ப்பது? என் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. இரண்டாவது ஆள் வேண்டும். லியாகத் அலியின் பெயரை நேற்று எடுத்துவிட்டேன், இத்தாதான் முடிந்துவிட்டதே. அந்த இடத்தில் யார் என்று மதகு கேட்டது. யோசித்துவிட்டு உங்களைப் போட்டேன். ஆமாம், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைத்தான். இவ்வளவு தூரம் வரிவரியாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தானே.

உங்கள் முடிவு தெரிந்த பிறகு தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பலாம் என்று காத்திருந்தேன்.

6

இன்று வியாழக்கிழமை. காலையில் வந்து திறந்தேன். இரண்டாவது கிளை தலைப்பிரதியில் சேர்ந்திருக்கிறது. சம்மதம் தந்தவர் இடத்தில் உங்கள் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். நேரம், வெள்ளி 1.17. பக்கத்தில் ஒரே சொல், 'சரி'.

நான் அழுத்தவில்லை. நம்புங்கள்.

நீங்களும் அழுத்தவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. கீழே படியில் காத்தாயி வந்து உட்கார்ந்திருக்கிறார், யார் அது என்று கேட்டால் காட்டித்தானே ஆக வேண்டும். அந்த நிமிடம் நீங்கள் வேறெங்கோ இருந்தீர்கள் என்று எனக்கு எதிரே நின்று சொல்ல, உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?