இடதுபக்கத்து ராஜீவ்

கம்ப்யூட்டருக்குள் போன எதையும் வெளியே எடுத்துவிடலாம். எடுக்க முடியாத ஒன்று உலகத்தில் இதுவரை உண்டாகவில்லை. இனி உண்டானாலும், அதை எடுக்கப்போகிற ஆள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில்தான் குடியிருக்கிறார். இதைச் சிவராம் சிரிக்காமல் சொல்வான். கேட்பவர்களும் சிரிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பான். அவன் தனுவச்சபுரம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடம். முதல் வருடத்துப் பேப்பர் ஒன்று இன்னும் அவனை விட்டு வெளியே போகாமல் நிற்பது இந்தக் கொள்கையைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

கொள்கை முழங்கும் இடம் கல்லூரி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் கிருஷ்ணன்குட்டி அண்ணனின் டி.டி.பி. கடை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் அந்தக் கடையைத் தாண்டி நடப்பதில்லை. கேரள எல்லையோரமான இங்கே, கல்யாணக்குறி என்று சொல்லும் அழைப்பிதழ் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். தாய்மாமன் பெயர் இரண்டு பக்கமும் பிழையில்லாமல் வர வேண்டும். பிழையாக வந்த கல்யாணங்களுக்கு மாமன் வந்ததில்லை.

அண்ணனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, வாழையிலைத் துண்டில் சந்தனத்தோடு வந்து, பிரிண்டர், லாமினேஷன் மெஷின், மானிட்டர் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைப்பார். மீதி மேஜையில் இருக்கும்.

"இது எந்தக் கம்பெனி ஆன்டிவைரஸ் அண்ணா?" என்று சிவராம் கேட்பான். "டெய்லி அப்டேட் வருதே."

"நீ சிரி. இதுவரைக்கும் வைரஸ் வந்திருக்கா?"

"போன மாசம் வந்துதே. நான்தானே எடுத்தேன்."

"அன்னைக்கு கோயில் நடை சாத்தியிருந்துது மக்கா."

அந்தப் பொட்டை ஃபோட்டோ எடுத்து, 'நாட்டின் டிஜிட்டல் பாதுகாப்பு' என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டான் சிவராம். கல்லூரியில் பாதிப் பேர் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். பிரிண்டரும் தெரிகிற மாதிரி எடுத்திருக்கலாம் என்றார்.

இரண்டாவது பழக்கம்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. கல்யாண வேலை வந்தால் அண்ணன் மணமக்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குவார். அதை ஃபைல் ஜன்னலின் இடதுபக்கப் பட்டியில் பின் குத்தி நிறுத்துவார். கல்யாணம் நடந்து, சத்யை விருந்து சாப்பிட்டு வந்த பிறகுதான் அந்தப் பெயரை எடுப்பார். எந்த ஃபோல்டர் எந்த டிரைவில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மேலே கோயில் கமிட்டி, அதற்குக் கீழே பஞ்சாயத்து, அதற்கும் கீழே கல்யாணங்கள். கை தானாகப் போகும்.

சனிக்கிழமை காலையில் சிவராமின் பெரியப்பா மகள் கிருஷ்ணப்ரியா ஃபோனில் கூப்பிட்டாள். அவளுக்குக் கோட்டுகால் ஊர்க்காரன் அபிஜித்தோடு கல்யாணம் உறுதியாகியிருந்தது.

"எலே, இன்னைக்கு உச்சைக்குப் பொறவு அண்ணன் கடைக்கு வாறோம், கார்டு மாடல் பாக்க. அபிஜித்தும் அவிய அம்மையும் உண்டு. நேத்து நான் ஒரு பிரிண்ட் எடுக்கப் போனேன். ஸ்க்ரீன்ல இடதுபக்கம் என்ன கெடக்கு தெரியுமா?"

"என்ன?"

"கிருஷ்ணப்ரியா – ராஜீவ்."

அவளுக்கு ராஜீவோடு பேசிய கல்யாணம் போன வருடம் அழைப்பிதழ் வரைக்கும் வந்து நின்றுபோனது. காரணம் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

"அவியளுக்கு விஷயம் தெரியாதாக்கா?"

"தெரியும். அபிஜித்திட்ட நான்தான் சொன்னேன். அவிய அம்மைக்கும் தெரியும். தெரியுறது வேற மக்கா, பக்கத்துல இருந்து பாக்கிறது வேற. என் கார்டு எடுக்கும்போது அந்த அம்மை அந்தப் பேரையும் சேத்து வாசிச்சா, பொறவு என்னைப் பாக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். அவிய வரதுக்குள்ள அதை ஒண்ணு எடுத்துத் தா. உன்னால ஆகுமா?"

"என்ன கேள்வி கேக்கிய அக்கா?" என்றான். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

கடைக்கு வந்து உட்கார்ந்து ராஜீவின் மேல் ரைட் கிளிக் செய்து, பின்னை எடுக்கச் சொன்னான். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. அப்படி ஒரு இடமே கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர். இல்லாத இடத்தின் பெயர் மட்டும் அசையாமல் நின்றது.

"அண்ணா, இந்த ஃபோல்டர் எங்க கெடக்கு?"

"அது ராஜீவுக்க பென்டிரைவ்ல ஆக்கும். ஃபோட்டோ எல்லாம் அதுல கொண்டுவந்தான், அதிலேயே இருந்து வேலை செஞ்சேன். கல்யாணம் நின்னப்போ வந்து உருவிட்டுப் போயிட்டான்."

"அப்பவே இந்தப் பேரை எடுத்திருக்கலாம்லா?"

"கல்யாணம் முடிஞ்சா எடுப்பேன். இது முடியல்லியே."

சிவராம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தான். விண்டோஸ் எழுந்து வந்தது, கூடவே ராஜீவும். பிறகு தன் பென்டிரைவைச் செருகி, அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, கம்ப்யூட்டரை ஏமாற்றப் பார்த்தான். அது ஏமாறவில்லை. அடிக்கடி திறக்கிற ஃபோல்டர் போலிருக்கிறது என்று மரியாதையாக இதையும் பட்டியில் சேர்த்துக்கொண்டது. இப்போது இரண்டு ராஜீவ். புதியவன் ஒரு கிளிக்கில் போய்விட்டான். பழையவன் போகவில்லை.

"நான் வேணும்னா ராஜீவைக் கூப்பிடட்டா?" என்றார் அண்ணன். "பூவார்ல ரிசார்ட்ல ஆக்கும் வேலை. அந்தப் பென்டிரைவைக் கொண்டுவரச் சொல்லலாம்."

"என்ன சொல்லிக் கூப்பிடுவிய? கிருஷ்ணப்ரியாவுக்குக் கல்யாணக்குறி அடிக்கணும், நீ ஒண்ணு வந்துட்டுப் போன்னா?"

அண்ணன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்து, இடதுபக்கப் பட்டியையே மொத்தமாக மறைத்துவிட்டான் சிவராம். ஜன்னல் சுத்தமாக இருந்தது. அண்ணன் மவுஸைப் பிடித்து, பட்டி இருந்த இடத்துக்குப் போய், அங்கேயே நின்றார்.

"எனக்க கோயில் கமிட்டி எங்கல?"

"உள்ள பத்திரமா இருக்கு."

"மாடல் ஃபோல்டர்?"

"அதுவும் உள்ளதான்."

"உள்ளன்னா எங்க? வாற ஆளுக்கு நான் எதை எடுத்துக் காட்டுவேன்?"

பட்டி திரும்பி வந்தது. கடைசியாக இன்டர்நெட்டில் ஒரு வழி கிடைத்தது. ஒளித்து வைத்திருக்கிற ஒரு ஃபைலை அழித்தால் பின் குத்திய எல்லாமே போய்விடும். ராஜீவும் போவான்.

"எல்லாமா?" என்றார் அண்ணன்.

"எல்லாம். பொறவு ஒவ்வொண்ணா திருப்பி வச்சிரலாம்."

"எது எங்க கெடக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். வாசலில் கார் வந்து நின்றது. சிவராம் திறந்திருந்த ஃபைல் ஜன்னல்களை மூடினான். திரையில் கம்ப்யூட்டரோடு வந்த புல்வெளிப் படம் மட்டும் மிஞ்சியது.

அபிஜித் முதலில் வந்தான். பின்னால் அவன் அம்மா உமையம்மாள் கதவுப் படியில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்துவிட்டு வந்தார். எதையும் விடாமல் பார்க்கிற கண். மானிட்டருக்கு நேராக இருந்த நாற்காலியை அவருக்குத்தான் இழுத்துப் போட்டார் அண்ணன். கூட வந்த கிருஷ்ணப்ரியா சிவராமைப் பார்த்தாள். அவன் இல்லை என்று கொஞ்சமாகத் தலையை ஆட்டினான். அவள் தன் கைப்பையை எடுத்து மானிட்டரின் இடதுபக்கத்தில் மேஜைமேல் நிறுத்தி வைத்தாள். பை திரையின் அடிவிளிம்புக்குக்கூட எட்டவில்லை.

"நீதானா சிவராம்?" என்றார் உமையம்மாள். "கம்ப்யூட்டர்ல உனக்குத் தெரியாதது இல்லைன்னு ப்ரியா சொன்னா."

"ஏதோ, கொஞ்சம்," என்றான் சிவராம். இந்தச் சொற்கள் அவன் வாயில் வந்து யாரும் அதுவரை கேட்டதில்லை.

"தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் சேந்த புது மாடல் வந்திருக்கு," என்று அண்ணன் மவுஸைத் தொட்டார். "தொறந்து காட்டுகேன்."

"அண்ணா, ஒரு நிமிஷம்."

சிவராம் மேஜையில் கிடந்த வாழையிலைத் துண்டை எடுத்தான். சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். ஃபைல் ஜன்னல் எப்போதும் திரை முழுக்கத்தான் திறக்கும். பஞ்சாயத்துக்குக் கீழே இருக்கும் ராஜீவின் வரியைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவனுக்குக் கண்ணை மூடினாலும் இடம் தெரியும். மோதிர விரலால் தொட்டு, திரையின் இடதுபக்கம், புல்வெளிக்கு மேலே வெறும் வானத்தில், நெற்றிக்குப் போடுகிற மாதிரி குறுக்காக ஒரு குறி இழுத்தான். கொஞ்சம் நீளமாகவே இழுத்தான்.

"எலே, நான் காலையிலேயே வச்சாச்சே," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும் அண்ணா. நல்ல காரியம் தொடங்குகோம்லா."

உமையம்மாள் கைகூப்பிக் கண்ணை மூடித் திறந்தார். "கொள்ளாம். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு இதெல்லாம் எங்க தோணுது?"

அண்ணன் ஜன்னலைத் திறந்தார். கோயில் கமிட்டி வந்தது. பஞ்சாயத்து வந்தது. அதன் கீழே சந்தனம். அதற்கும் கீழே வேறு யார் யாரோ ஜோடி ஜோடியாக நின்றார்கள். அண்ணன் ஒரு நொடி சந்தனத்தைப் பார்த்தார், சிவராமைப் பார்த்தார், பிறகு மாடல் ஃபோல்டருக்குப் போனார்.

"இந்த மாவிலைத் தோரணம் போட்டது நல்லா இருக்கு," என்றார் உமையம்மாள். "இல்லியா ப்ரியா?"

"நல்லா இருக்கு அத்தை," என்றாள் கிருஷ்ணப்ரியா. மேஜைமேல் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சிவராமின் விரலில் மீதிச் சந்தனம் இருந்தது. துடைக்கத் துணி ஒன்றும் பக்கத்தில் இல்லை. சுவரில் தேய்க்கலாமா என்று பார்த்தான். உமையம்மாள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோய், குறுக்காக ஒன்று இழுத்துக்கொண்டான்.