க்ளோவிஸின் நாலாவது சரணம்

என் புருஷன் க்ளோவிஸ் டார்ப்ளி ஆயுசு முழுக்க மிசிசிப்பி டெல்டாவில் கிட்டாரோடு புளூஸ் என்கிற எங்கள் கறுப்பு ஜனங்களின் பாட்டைப் பாடியவர். அந்தப் பாட்டுக்கு ஆடாத கால் இங்கே கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அதே கால்களுக்கு அது சாத்தானின் பாட்டு!

"என்னைப் புதைக்கறதுக்கு முன்னாடி என் கிட்டார் சர்ச்சுக்குள்ள ஒலிக்கணும், ஓசெல்லா" என்று கடைசியாகக் கேட்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தால் கொடுத்ததுதான்.

சவப்பெட்டி படியை நெருங்கியதும் போதகர் ஸ்டூக்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். என் மகள் வெர்லீனின் தோளில் தொங்கிய கிட்டாரை முறைத்தார்.

"அவர் உள்ளே வரலாம், சகோதரி. அது வரக்கூடாது."

"அது இல்லாம அவரு எங்கயும் போனதில்லையே, பாஸ்டர்."

"இது கர்த்தரோட வீடு."

"அப்போ என் புருஷனும் வெளியவே இருக்கட்டும். இறக்குங்கப்பா!"

பெட்டியைத் தூக்கியவர்கள் எல்லோரும் க்ளோவிஸோடு வாசித்தவர்கள். போதகர் பேச்சையா கேட்பார்கள்? சர்ச் முற்றத்துப் பெக்கான் மரத்தடியில் இறக்கிவிட்டார்கள்.

வெர்லீன், கம்பிமேல் வழுக்கி வாசிப்பதற்கான உடைந்த கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு அப்பாவின் பாட்டைத் தொடங்கினாள். அழவில்லை. அவரைப் போலவே தலையைச் சாய்த்துக் கம்பிகளைக் கதறவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் விசிறியும் கையுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெள்ளை உடுத்திய, சபையின் மூத்த தாய்மார்கள்கூட வந்துவிட்டார்கள். போதகர் மட்டும் பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றார்.

மூன்று சரணம் முடிந்தது. நாலாவது அவளுக்குத் தெரியாது. டூலியின் சாராயக் கொட்டகையில், சனிக்கிழமைகளில், எல்லோருக்கும் போதை ஏறிய பிறகு மட்டும் க்ளோவிஸ் பாடுவது அது. மகள் காதில் விழப் பாடியதே இல்லை. பாட்டு நின்றுபோய்க் கிட்டார் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் எடுத்தது:

"சேவல் கூவினா கூவட்டும், செருப்பைத் தேடாதே கண்ணே,
ஆலய மணி அடிச்சா அடிக்கட்டும், போர்வையை விலக்காதே பெண்ணே..."

எல்லோரும் திரும்பினோம். போதகர்! கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடினார். முடித்துக் கண்ணைத் திறந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. நான் சிரித்துவிட்டேன், கண்ணீர் வழிய வழிய.

"டூலி கொட்டகையில எந்த மூலையில உக்காந்திருந்தீங்க, பாஸ்டர்?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு வாசலை விட்டு விலகி நின்றார்.

"உள்ளே தூக்கிட்டு வாங்க."

"கிட்டாரு?"

"அதான் முதல்ல."