குளிர்ந்த அடுப்பைப் பற்றி ஹேதல் கேட்ட கதை

1

இது நானாகத் தேடிப்போன கதை இல்லை. என்னிடம் கேட்டு வாங்கப்படுகிற கதை. சுவிஸ் நாட்டுப் பாடனில் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவள் ஹேதல். சூரிச் பக்கத்துக் குஜராத்திக் குடும்பங்கள் கிருஷ்ண ஜெயந்திக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

"நீங்கள் தமிழில எழுதுங்கோ கலாபென். எனக்கு டொச்சில வாசிச்சுக் காட்டினாக் காணும், நான் குஜராத்தியில மாத்திப் போடுறன்."

கதையையும் அவளே தந்தாள். மூன்று வருடத்துக்கு முன், 2022இல், சீதளா சாத்தம் விரதத்தன்று அவளுடைய மகள் ஜீலை அம்மன் காப்பாற்றிய கதை. ஓம், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு முடிவும் எழுத வராமல் தவிக்கிறேன். ஏனென்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள்.

(ஒரு குறிப்பு: ஹேதல் என்னோடு கதைப்பது டொச்சில், ஜெர்மன் மொழியில். 'பென்' மட்டும் அவளுடைய குஜராத்தி, அக்கா என்று அர்த்தம். அதைத் தமிழாக்கப் போனால் என் யாழ்ப்பாணத்து வாய்தான் வருகிறது. அகமதாபாத்துக்காரி ஒருத்தி போதும் என்பதற்குக் "காணும்" என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "பக்கத்து ஊரான டீட்டிகோனில், மண்டபத்தில் நவராத்திரி. கண்ணாடிச் சில்லு தைத்த பாவாடைகள் சுழல, கோல்கள் ஒன்றோடொன்று"

விட்டுவிட்டேன். குஜராத்தி என்றதும் கோலாட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர என்னைப்போல இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "வருடத்தில் ஒரு நாள் குஜராத்தி வீட்டு அடுப்புக்கு ஓய்வு."

இது பரவாயில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு முதல் நாள்தான் சீதளா சாத்தம். அதற்கும் முந்தின நாளே தெப்லா ரொட்டி, பூரி எல்லாம் சுட்டு வைத்துவிடுவார்கள். பிறகு அடுப்பை அணைத்து, துடைத்து, குங்குமம் வைத்துக் கும்பிட்டால், மறுநாள் முழுக்க அதை மூட்டக்கூடாது. ஆறின சாப்பாடுதான். இரவில் சீதளா மாதா வந்து ஆறிய சாம்பலில் புரண்டு தன் உடம்பு வெக்கையைத் தணித்துக்கொள்வாளாம். அம்மையும் காய்ச்சலும் அவள் கையில். [அம்மை நோயை நாங்கள் அம்மாள் வருத்தம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அம்மாள்தான். அங்கே கழுதையில் வருகிறாள்.]

விரதக் கதை ஒன்றும் உண்டு. ஒரு மருமகள் அடுப்பை அணைக்க மறந்து தூங்கிவிட்டாள். மாதாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. விடிந்து பார்த்தால் மருமகளின் குழந்தைக்கு உயிர் இல்லை. அவள் அழுதுகொண்டே மாதாவைத் தேடிப்போய், மாதாவின் தலையில் பேன் பார்த்துவிட்டு, குழந்தையைத் திரும்ப வாங்கினாள். அடுத்த வருடம் ஓரகத்தி வேண்டுமென்றே அடுப்பை எரியவிட்டாள். அவளுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. இந்தக் கடைசி வரி என்னைப் படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஹேதலை நம்பும்படி எழுதுவதும் லேசில்லை. காஸ் டர்பைனுக்குள் நெருப்பு எப்படி எரிகிறதென்று ஆராய்கிற பொறியியலாளர் அவள். அந்த வருடத்துக்கு முன் எந்தப் பண்டிகையையும் கண்டுகொண்டதில்லை. அந்த வருடத் தொடக்கத்து மாரிக் குளிரில் ஜீலுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பிள்ளையின் கண் மேலே செருகியதை நேரில் பார்த்தவள்.

"எனக்கு எல்லா விளக்கமும் தெரியும் கலாபென். டொக்டர் சொன்னதும் விளங்குது. ஆனா அந்த நேரம் நான் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டனான். ஏதாவது ஒண்டு நான் செய்யவேணும்."

அந்த ஆவணியில் அவள் செய்தது இது. கண்ணாடி மேல்தட்டுள்ள மின்னடுப்பைத் துடைத்தாள். நடுவில் குங்குமம் வைத்து, ஊரில் அடுப்பில் நடுகிற பருத்திச் செடிக்குப் பதிலாக ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டினாள்.

3

சரி, நான் தள்ளிப்போட்ட பகுதி.

அந்தச் சீதளா சாத்தத்தன்று பகல் ஹேதலுக்கு வேலையிடத்தில் தட்ட முடியாத கூட்டம். ஜீலுக்கு நாலு வயது, லேசாகத் தடிமன், மூக்கு ஒழுகியது. என் கணவர் சச்சிதானந்தனுக்கு டீட்டிகோன் பண்டகசாலையில் காலை வேலை முடிந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கீழே போனார். நான் வேலையில் இருந்தேன்.

பிள்ளைக்கு உடம்பு சுடத் தொடங்கியது. தாய் வைத்துவிட்டுப் போன மருந்தைக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிக்காமல் இருக்கத் தெரியாத ஆட்கள் நாங்கள்.

"எங்கட வீட்டை வந்து அவிச்சிருக்கலாமேயப்பா?" என்று பிறகு கேட்டேன்.

"வலிப்பு வந்த பிள்ளையைத் தனிய விட்டுட்டோ? தூக்கிக்கொண்டு படியேற, அதுக்குள்ள வந்திட்டா?"

அவருக்கு விரதம் தெரியும். காலையில் நானே சொல்லியிருந்தேன். தெரிந்துகொண்டுதான், குங்குமத்தில் படாமல், பின்பக்கத்து வளையத்தை மூட்டினார்.

ஹேதல் வரும்போது அடுப்பு ஆறியிருந்தது. பிள்ளை வேர்த்து, காய்ச்சல் விட்டு, நித்திரையாய்க் கிடந்தது. அவள் அடுப்பைத் தொட்டாள், பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், குசினித் தரையில் குந்தியிருந்து அழுதாள். "மாதா காப்பாத்திட்டா" என்றாள். சச்சி வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னையும் திறக்கவிடவில்லை.

அதன்பின் ஜீலுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, வலிப்பு வரவில்லை. ஹேதல் இப்போது பதறாமல் மருந்து கொடுக்கிறாள், இரவில் தூங்குகிறாள். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான்.

முடிவு அ: அடுப்பு குளிர்ந்திருந்தது. (பொய். அதுவும் அவள் கையாலேயே குஜராத்தியில் அச்சாகும்.)

முடிவு ஆ: அடுப்பு எரிந்தது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. (உண்மை. அடுத்த காய்ச்சலுக்கு அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்?)

முடிவு இ: இரவில் மாதா வந்தாள், கொத்தமல்லி மணத்தை முகர்ந்தாள், சச்சியை மன்னித்

இல்லை. மன்னிக்க நான் யார்?

4

நேற்று ஹேதல் மேலே வந்தாள். ஜீலும் கூட வந்தாள், இப்போது ஏழு வயது. முதல் இரண்டு பகுதியை, என் தவிப்பு வரிகளை விட்டுவிட்டு, டொச்சில் வாசித்தேன். மூன்றாவதை எடுக்காமல், "கூட்டம் முடிந்து ஹேதல் வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது" என்று ஒரே தாவாகத் தாவினேன்.

"சச்சி மாமா தந்த சுடுதண்ணி கதையில வரேல்லையே?" என்றாள் ஜீல். "மணமா இருந்ததே, ஊதி ஊதித் தந்தவரே."

ஹேதல் மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அது மேல இருந்து கொண்டுவந்ததுதானே, கலாபென்?"

"முடிவு இன்னும் எழுதேல்லை" என்றேன். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இன்று காலையிலிருந்து இந்தத் தாளோடு மல்லுக்கட்டுகிறேன். சச்சி வேலைக்குப் போய்விட்டார். சற்று முன் ஹேதல் போன் எடுத்தாள். முடிவைக் கேட்க இப்பவே வாறாளாம்.

மூன்று முடிவும் மேலே கிடக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றை நீங்கள் எடுத்துத் தாருங்கள், அதையே அவளுக்கு வாசிக்கிறேன். ஆனால் எடுக்கும் முன் ஒரு விஷயம். போனை வைக்கும்போது அவள் சொன்னது: ஜீலுக்கு விடியக்காலையிலிருந்து உடம்பு சுடுகிறதாம்.